நான் விற்பது ஸ்வெட்டர் இல்லை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

போனில் பேசும்போது, "எத்தனை ஸ்வெட்டர் விற்றாய்?" என்று கேட்டாய். நான் விற்பது ஸ்வெட்டர் இல்லை அக்கா, அதை எப்படிப் பின்னுவது என்று எழுதிய பேட்டர்ன். பிடிஎஃப்பாக இணையத்தில் வைத்திருக்கிறேன். வாங்குகிறவர் இறக்கிக்கொண்டு, தன் நூலில், தன் ஊசியில் பின்னிக்கொள்வார். ஒரு ஸ்வெட்டரைக் கையால் பின்ன வாரக்கணக்காகும். அந்த உழைப்புக்கு உரிய விலையைச் சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள். பேட்டர்னை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிட்டால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போகும். முன்பெல்லாம் பத்திரிகையோ நூல் கம்பெனியோ எடுத்துப் போட்டால்தான் உண்டு. 2007-ல் பின்னல்காரர்களுக்கென்றே ராவெல்ரி என்ற இணையதளம் வந்த பிறகு, என்னைப் போலத் தனியாக இருப்பவர்களும் நேரடியாக விற்க வழி பிறந்தது.

இங்கே குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்தால் கம்பளி நூலும் ஊசியும்தான் துணை. ஆனால் பின்னுவதைவிடக் கணக்குப் போடுவதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

பாரேன், எனக்கு 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணி, அதாவது 22 நூல் வளையம், வருகிறது. மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 220 கண்ணி. வாங்கியவர் கொஞ்சம் தளர்வாகப் பின்னுகிறவர், அவருக்கு அதே அகலத்தில் 20 கண்ணிதான் வருகிறது என்று வைத்துக்கொள். அவர் பின்னும் 220 கண்ணி 110 சென்டிமீட்டரில் போய் நிற்கும். தொளதொளவென்று தொங்கும். அதனால்தான் முதலில் சின்னதாக ஒரு சதுரம் பின்னி, நனைத்து, காய்ந்த பிறகு அளந்து பார்க்கச் சொல்லி முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

அப்புறம் அளவுகள். மார்பு அகலமாகிற அளவுக்குத் தோள் அகலமாகாது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் பெரிய அளவு போடுகிறவர்களுக்குத் தோள்பட்டை கைக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு அளவுக்கும் கைக்குழி, கழுத்து, தோள் எல்லாம் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பருமனானவர்களுக்கு அளவே போடாமல் விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களும் ஆசைப்பட்டுத்தானே நூல் வாங்குகிறார்கள்.

எழுதி முடித்ததும் கணக்கைச் சரிபார்க்க டெக் எடிட்டர் ஒருவரிடம் கொடுப்பேன். கையில் காசு குறைவாக இருந்தாலும் இந்தச் செலவை மட்டும் குறைக்கமாட்டேன். பிறகு வேறு வேறு அளவில் சிலர் முன்கூட்டியே பின்னிப் பார்த்துச் சொல்வார்கள். "இந்த வரி புரியவில்லை" என்று ஒருவர் சொன்னாலும் மாற்றி எழுதிவிடுவேன். வாங்கியவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கப் போவதில்லையே, எழுத்துதான் பேச வேண்டும்.

அரசுக்குக் கட்டும் வரி ஒரு தனித் தலைவலி. 2015 முதல் ஐரோப்பிய யூனியனில் இப்படி டிஜிட்டலாக விற்பதற்கு, பொதுவாக வாங்குகிறவர் இருக்கும் நாட்டின் வரிதான். அதையும் பார்த்துக்கொள்ளும் தளமாகத் தேடி விற்கிறேன். ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் முகம் தெரியாத ஒருவர், தான் பின்னியதைப் போட்டுக்கொண்டு படம் அனுப்பும்போது மனசு நிறைந்துபோகிறது அக்கா.

அடுத்தது குழந்தைகளுக்கான குல்லா. பாப்பாவின் தலைச்சுற்றளவு வேண்டும். புருவத்துக்கு மேலே, காதுகளை ஒட்டினாற்போல டேப்பைச் சுற்றி, இறுக்காமல் அள. சென்டிமீட்டரில் எழுது. குல்லா தலையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். அதை நான் கழித்துக்கொள்கிறேன், நீ கழிக்காதே.

அன்புடன்,
உன் தங்கை