‘ஜெ’ என்ற எழுத்துக்கு உரியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 15 அன்றும் ஜூலை 27 அன்றும் முன்னாள் குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளைப் படித்து, கத்தரித்து வைத்துக்கொள்ளும் வாசகன் நான். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் மூன்று எழுத்துகளில் முதலாவது கொள்ளுப்பாட்டனார் அவுலையும், இரண்டாவது பாட்டனார் பக்கீரையும், மூன்றாவது தந்தையார் ஜைனுலாப்தீனையும் குறிக்கின்றன. அந்த மூன்றாம் எழுத்துக்கு உரியவர் 102 வயதுவரை ராமேஸ்வரம் தீவிலேயே வாழ்ந்து 1976ஆம் ஆண்டு காலமானார். இந்த ஆண்டோடு அதற்கு ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. அவரைப் பற்றிச் சில செய்திகளையும், அவரைக் குறித்து நாம் வழக்கமாக எழுதிவரும் ஒரு தொடரைப் பற்றிய என் மனக்குறையையும் தெரிவிக்கவே இக்கடிதம்.

மகனைப் பற்றிய கட்டுரைகளில் தந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘ஏழை மீனவரின் மகனாகப் பிறந்து’ என்ற ஒரு தொடர் மட்டுமே. தமிழாசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் இந்தத் தொடரைச் சிவப்பு மையால் அடித்து அடித்து என் கை சலித்துப்போனது. ஒருமுறை பாம்பனிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் ஏட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, “ஐயா, படகு வச்சிருந்தா மீனவர்தானே?” என்று கேட்டான். அவன் தந்தை மீன்பிடித் தொழில் செய்பவர். அவன் கேட்டதில் தவறு இல்லை. அவனுக்கு அப்படி எழுதித் தந்தவர்கள் நாம்தான். மீன்பிடித் தொழிலில் குறைவு ஏதும் இல்லை என்பதை அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான், ஜைனுலாப்தீன் மரைக்காயரின் படகு ஏற்றிச் சென்றது மீனை அன்று, யாத்திரிகர்களை என்பதை விளக்கினேன்.

ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்திரிகர்கள் தனுஷ்கோடிக்குச் சென்று கடலாடுவது வழக்கம். அவர்களை அழைத்துச் செல்வதற்காகவே அவர் ஒரு மரப் பாய்மரப் படகைக் கட்டத் தொடங்கினார். அப்போது தமக்கு ஆறு வயது என்று கலாம் எழுதியிருக்கிறார். விறகுத் தீயின் சூட்டில் படகின் மரங்கள் பதப்படுத்தப்பட்டதையும், கடற்கரையில் அப்படகு நாளுக்கு நாள் உருப்பெற்றதையும் அந்தச் சிறுவன் வேடிக்கை பார்த்திருக்கிறான். இங்கே யாரும் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கு உண்டு. 1976இல் 102 வயது என்றால், 1931இல் கலாம் பிறந்தபோது தந்தைக்கு ஏறத்தாழ 57 வயது. படகு கட்டத் தொடங்கியபோது அறுபதைக் கடந்துவிட்டார். நம்மில் பலர் ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டு திண்ணையில் அமரும் வயதில் ஒருவர் கடலில் புதுத்தொழில் தொடங்கியிருக்கிறார். தொழில் நன்றாகவே நடந்தது. பின்னர் ஒரு புயல் அப்படகைக் கொண்டுபோயிற்று.

‘ஏழை’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம் தந்தைக்குப் பெரிய படிப்போ பெருஞ்செல்வமோ இருக்கவில்லை என்பதைக் கலாம் மறைக்கவில்லை. ஆனால் பள்ளிவாசல் தெருவில் இருந்த அவர்களுடைய காரைவீட்டில் உணவுக்கோ உடைக்கோ மருந்துக்கோ குறைவு இருந்ததில்லை என்றும், வீட்டாரைவிட வெளியார்தான் அங்கே அதிகம் பேர் உண்டார்கள் என்றும் அவரே எழுதியுள்ளார். உலையில் எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்பதை அன்றாடம் கணக்கிட்டவர் தாயார் ஆஷியம்மா. ஆடம்பரத்தை விலக்கி, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு ‘ஏழை’ என்று பெயர் சூட்டுவது, மகனுடைய ஏற்றத்தைப் பெரிதாகக் காட்டத் தந்தையின் படியைக் கீழிறக்குவதாகவே எனக்குப் படுகிறது.

அவருடைய ஒரு நாள் எப்படித் தொடங்கியது என்பதைப் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தொழுகையை முடித்துவிட்டு, ஊரிலிருந்து நான்கு மைல் தொலைவில் இருந்த தம் சிறிய தென்னந்தோப்புக்கு நடந்தே செல்வார். ஒரு டஜன் தேங்காய்களைச் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிய பிறகுதான் காலை உணவு. அறுபதுகளின் பிற்பகுதியிலும் இந்த வழக்கம் மாறவில்லை. மகன் சமையலறைத் தரையில் தாயாருக்கு அருகில் அமர்ந்து வாழையிலையில் உண்ட தேங்காய்த் துவையலில் அந்தத் தோப்புக் காயும் இருந்திருக்கும். இது என் ஊகம்தான்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர் அவர். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பல சமயத்தவரும் வாசலில் தண்ணீர்க் கிண்ணங்களை ஏந்தி நிற்பார்கள். அவர் விரல் நுனிகளைத் தண்ணீரில் தோய்த்து ஓதிக் கொடுப்பார். வீட்டில் நோயுற்றுக் கிடப்பவர்களுக்காக அதை எடுத்துச் செல்வார்கள். குணமானவர்கள் நன்றி சொல்ல வீடு தேடி வந்தால், புன்னகையோடு அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள் என்று அனுப்பிவிடுவார். தண்ணீர் ஓதிக் கொடுப்பது நம் கடற்கரை ஊர்களில் இன்றும் காணக்கூடிய வழக்கம்தான். கையேந்தி வந்த நன்றியைக்கூடத் தம் கணக்கில் வரவு வைக்காத அந்த விலகல்தான் அபூர்வமானது.

ராமேஸ்வரம் கோயிலின் தலைமைக் குருக்களான பக்ஷி லட்சுமண சாஸ்திரிகள் அவருடைய உற்ற நண்பர். இருவரும் தத்தம் மரபான உடையில் அமர்ந்து சமய விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்த காட்சி, கலாமின் மிகப் பழைய நினைவுகளுள் ஒன்று. ஆண்டுதோறும் நடைபெறும் சீதா கல்யாணத்தின்போது, கோயிலிலிருந்து ராமதீர்த்தக் குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்கு உற்சவமூர்த்திகளைக் கொண்டுசெல்லத் தனி மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்தது இவர்களுடைய குடும்பமே. இதை மதநல்லிணக்கம் என்று மேடையில் பேசியவர்கள் அன்று அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டார்கள். தேருக்கு வடம்போல அது ஊர் வேலைகளுள் ஒன்று, அவ்வளவே.

அவரைக் குடும்பத் தலைவராக அறிவதற்கு ஒரு நிகழ்ச்சி போதும் என்று நினைக்கிறேன். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ராமேஸ்வரம் பஞ்சாயத்து போர்டுக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு மாலை கலாம் பாடங்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்து தந்தையைக் கேட்டார். கதவைத் தாழிடும் பழக்கம் அப்போது அந்த ஊரில் இல்லை. தந்தை தொழுகைக்குச் சென்றிருந்தார். கொண்டுவந்த பொருளை வைத்துவிட்டுப் போகலாமா என்று வந்தவர் கேட்க, சிறுவன் தாயாரைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவரும் தொழுகையில் இருந்ததால் பதில் வரவில்லை. கட்டிலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டான். திரும்பி வந்த தந்தை பிரித்துப் பார்த்தபோது விலையுயர்ந்த துணியும் பழங்களும் இனிப்புகளும் இருந்தன. கொடுத்தவரின் பெயர் எழுதிய சீட்டும் இருந்தது. தந்தையை அவ்வளவு கோபத்தில் கண்டதும், அவரிடம் நன்றாக அடி வாங்கியதும் அதுவே முதல் முறை என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சிறுவன் அஞ்சி அழுதான். சற்றுப் பொறுத்துத் தந்தையே அருகில் வந்து தோளைத் தொட்டு, இறைவன் ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தினால் அவருக்கு வேண்டியதையும் அவனே கொடுத்துவிடுகிறான், அதற்கு மேல் எடுப்பது ஆகாத வருமானம் என்ற நபிமொழியைச் சொல்லி விளக்கியிருக்கிறார். பிள்ளையை அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆசிரியராக இருந்து பிரம்பைக் கைவிட்டவன் நான். என் மனத்தில் தங்கியிருப்பது, அந்த எழுபது வயது முதியவர் இரண்டாவது முறை அறைக்குள் வந்ததுதான்.

மேற்படிப்புக்காக மகன் ராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தபோது தாயார் தயங்கினார். தந்தை தடுக்கவில்லை, வளர வேண்டியவன் வெளியே போகத்தான் வேண்டும் என்று சொல்லி, பிள்ளைகளைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று அல்ஃபாத்திஹா ஓதி, ரயிலேற்றிவிட்டார். பின்னர் சென்னையில் பொறியியல் படிப்பில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அக்காள் ஜொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் பிள்ளைகள் எப்படி வளர்க்கப்பட்டார்கள் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது. படகில் யாத்திரிகர்களை இறக்கிவிட்ட கரையே இல்லாமல் போனதையும் அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 1976இல் அவர் கண் மூடியபோது பதினைந்து பேரப் பிள்ளைகளும் ஒரு கொள்ளுப்பேரனும் இருந்தார்கள். மகன் குடியரசுத் தலைவரானது அதற்கு 26 ஆண்டுகளுக்குப் பின்னர்தான். மகனால் கிடைத்த புகழ் எதுவும் அவர் மேல் விழவில்லை. ராமேஸ்வரம் அவருக்கு அளித்த மதிப்பு முழுவதும் அவர் தாமே ஈட்டியது.

பேய்க்கரும்பில் கலாமுக்கு நினைவகம் இருக்கிறது. பள்ளிவாசல் தெரு வீட்டில் காட்சிக்கூடம் இருக்கிறது. தந்தைக்குச் சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் அதை விரும்பியிருக்கவும் மாட்டார். ஐம்பதாம் ஆண்டான இவ்வாண்டில் தங்கள் நாளிதழ் ஒரு கால் பத்தியாவது அவருக்கென ஒதுக்க வேண்டும் என்பதும், பாட நூல் எழுதுவோர் அந்தப் பழைய தொடரைத் திருத்த வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள். வரும் அக்டோபர் 15 அன்று ‘ஏழை மீனவரின் மகன்’ என்பதற்குப் பதிலாக ‘பள்ளிவாசல் தெரு ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன்’ என்று தாங்கள் அச்சிட்டால், ராமேஸ்வரத்துப் பெரியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்