நம் சமையலறைக் கழிவு நம் தெருவிலேயே உரமாகட்டும்: நன்கொடை வேண்டுகோள்

மடிப்பாக்கத்தில் நம் தெருக்களில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒரு பொது உரக்கூடம் கட்டுவது என்று பொதுக்குழுவில் முடிவானது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 120 வீடுகளின் காய்கறித் தோல், மீந்த சோறு, வாழை இலை, சாமிக்குப் போட்ட பூ எல்லாம் இனி அங்கே உரமாகும். இதற்கு 3 லட்சம் ரூபாய் ஆகும். சங்க நிதியிலிருந்து 50,000 ரூபாயை ஒதுக்கிவிட்டோம். மீதி இரண்டரை லட்சத்துக்காக உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறோம்.

பெருங்குடிக் குப்பைமேட்டைப் பற்றி மடிப்பாக்கத்துக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தென்சென்னையின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில்தான் கொட்டினார்கள். 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்துப் புகைந்தபோது, அந்த வெயிலிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. மாநகராட்சி பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையில் இறங்கியது. நல்ல காரியம். ஆனால் இன்று காலை நம் வீட்டிலிருந்து போகும் குப்பைக்கு நாம்தானே பொறுப்பு?

ஈரக் குப்பை குப்பைமேட்டின் அடியில் சிக்கிக் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குப்பைமேட்டில் தீ பிடிப்பதற்கும் இந்த வாயு ஒரு காரணம். அதே தோலும் சோறும் காற்றோட்டமாக மக்கினால் மீத்தேன் மிக மிகக் குறைவு, கையில் உரமும் மிஞ்சும். ஒரு வீட்டுக்கு நாளுக்கு அரைக் கிலோ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 120 வீடுகளுக்கு 60 கிலோ வருகிறது. ஆண்டுக்கு 20 டன்னைத் தாண்டிவிடும். அவ்வளவும் லாரி ஏறாமல் இங்கேயே நின்றுவிடும்.

“அவரவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே” என்று சிலர் கேட்டார்கள். செய்பவர்கள் இருக்கிறார்கள், தாராளமாகத் தொடரட்டும். ஆனால் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், பால்கனியில் துணி காயப்போடவே இடம் போதாதவர்களிடம் போய்த் தொட்டி வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? மொட்டை மாடிக்குப் போக வீட்டுக்காரரிடம் சாவி கேட்க வேண்டிய வாடகைக் குடும்பங்களும் நம்மிடம் இருக்கின்றன. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் தினமும் கிளறிக்கொண்டிருக்க நேரமும் கிடையாது. இவர்களெல்லாம் மனமில்லாமல் ஒதுங்கியவர்கள் அல்ல. பொதுவாக ஓர் இடமும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால், மூடி போட்ட வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போவதுதான் அவர்கள் செய்ய வேண்டிய வேலை.

கட்டப்போவது நான்கு கூண்டுகள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். அடியில் சிமென்ட் தளம், சுற்றிலும் இடைவெளி விட்ட செங்கல் சுவர், முன்பக்கம் கழற்றி மாட்டும் பலகைகள், மேலே தகரக் கூரை. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு. அதன் மேல் அன்றைய ஈரக் கழிவு, அது தெரியாதபடி மறுபடியும் சருகுத் தூள். இப்படியே அடுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு கூண்டு நிறைந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவோம். நான்காவது நிறைவதற்குள் முதலாவது உரமாகியிருக்கும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் பிடிக்கும்.

நாற்றம் அடிக்காதா, எலி வராதா என்பதுதான் பலருடைய கவலை. சங்கக் கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முதலில் சில வீடுகள் மட்டும் சேர்ந்து, ஓட்டை போட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம்களில் செய்து பார்த்தோம். சாம்பாரும் ரசமும் ஊறிய சோற்றை அப்படியே கொட்டிய அன்று வாடை வந்தது உண்மைதான். வடிகட்டிவிட்டுப் போட்டு, மேலே இரண்டு கை தேங்காய் நார்த்தூளைத் தூவிக் கிளறியதும் மறுநாளே அடங்கிவிட்டது. ஈரம் அதிகமானால்தான் நாற்றம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. இந்தப் பதம் கைக்கு வந்துவிட்டால் போதும். தெருவில் மூத்த அம்மா ஒருவர் வாரம் ஒருமுறை புளித்த மோரைக் கொண்டுவந்து தெளித்தார், மக்குவது வேகம் பிடித்தது. நாலாம் நாள் டிரம்முக்குள் கையை விட்டவர்கள் சூடு தாங்காமல் வெளியே இழுத்துக்கொண்டார்கள். அந்தச் சூடு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கடைசியில் சலித்து எடுத்தபோது கறுப்பாக, உதிரியாக, முதல் மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருந்தது. எலி வராமல் இருக்கக் கூண்டுகளின் இடைவெளியில் இரும்பு வலை அடிக்கிறோம். இறைச்சி, மீன் கழிவை இப்போதைக்குச் சேர்க்கப்போவதில்லை.

செலவுக் கணக்கு இதுதான். கூண்டு, தளம், கூரைக்கு 1,20,000. சருகை அரைக்கும் இயந்திரத்துக்கு 65,000. வீட்டுக்கு ஒரு மூடி வாளி, 120 வாளிகளுக்கு 30,000. காலையில் இரண்டு மணி நேரம் வந்து அடுக்கவும் கிளறவும் ஒருவருக்கு மாதம் 6,000 வீதம் ஓராண்டுச் சம்பளம் 72,000. தராசு, சல்லடை, மண்வெட்டி, கையுறை, முகக்கவசம் எல்லாம் சேர்த்து 13,000.

இதில் இயந்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். ஈரக் கழிவு மக்க வேண்டுமானால் காய்ந்த பொருளும் வேண்டும். நம் தெருவில் புங்கமும் பாதாமும் கொட்டும் சருகுக்குக் குறைவே இல்லை. ஆனால் முழு இலையாகப் போட்டால் மாதக் கணக்கில் கிடக்கும், அரைத்துப் போட்டால் சீக்கிரம் மக்கிவிடும். இன்னொன்று, அந்தச் சருகைக் கூட்டித் தெருமுனையில் கொளுத்துகிறார்களே, அதற்கும் இதோடு ஒரு முடிவு வரும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் பெற்றோர் எத்தனை முறை வந்து முறையிட்டார்கள்! இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த 65,000 ரூபாயைச் செலவழிக்கலாம் என்பது குழுவில் எல்லோருடைய கருத்தும்.

சம்பளத்தையும் குறைக்க மனம் வரவில்லை. பிரிக்காத குப்பைக்குள் கையை விட்டு உடைந்த கண்ணாடியில் கிழித்துக்கொள்ளும் தூய்மைப் பணியாளர்களைத் தினமும் பார்க்கிறோம். உரக்கூடத்தில் வேலை செய்பவருக்காவது ஒழுங்கான கூலியும் கையுறையும் இருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, பிளாஸ்டிக், நாப்கின், கண்ணாடி எதுவும் கலக்காமல் மக்கும் குப்பையை மட்டும் வாளியில் போடுவது. வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

 

வீட்டுக்கு 2,000 ரூபாய் வந்தாலே பெரும்பகுதி நிறைந்துவிடும். முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள், முடியாதவர்கள் 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. பணம் கொடுத்தால்தான் வாளி என்று கிடையாது. 120 வீட்டுக்கும் வாளி வரும். வீடு கட்டி மிஞ்சிய செங்கல், தகரம், இரும்பு வலை இருந்தால் அதையும் வாங்கிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சருகு அரைக்கவும் சலிக்கவும் ஆள் தேவை. கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் சந்தோஷம்.

உரம் முதலில் வாளி கொண்டுவரும் வீடுகளுக்கு இலவசம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கேட்கலாம். மீதி தெரு மரங்களுக்கு.

பணத்தை ரொக்கமாகவோ காசோலையாகவோ சங்க அலுவலகத்தில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை கொடுக்கலாம். வயதானவர்கள் அலைய வேண்டாம், சொல்லி அனுப்பினால் நாங்களே ரசீதுப் புத்தகத்தோடு வருகிறோம். வரவு செலவு மாதம் முதல் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் இருக்கும். எத்தனை கிலோ கழிவு வந்தது, எத்தனை கிலோ உரம் போனது என்பதையும் அதிலேயே எழுதுவோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை போட்டாக வேண்டும் என்பதால் இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உரக்கூடக் குழுவினர்,
குடியிருப்போர் நலச் சங்கம், மடிப்பாக்கம்