கண்ணோய், காது நோய்ப் பெயர்களைப் பிரித்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கண்புரை பற்றிய கட்டுரையை, ரங்கூனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். சிகிச்சை பற்றிய செய்திகள் பயனுள்ளவையாக இருந்தன. ஆனால் ஒரே கட்டுரையில் அந்நோய் ஓரிடத்தில் கண்புரை என்றும், மற்றோரிடத்தில் கண்படலம் என்றும், தலைப்பில் கண்ணில் பூ விழுதல் என்றும் எழுதப்பட்டிருந்ததால், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் மூன்று தனித்தனி நோய்களைப் பற்றிய கட்டுரை என்றே எண்ணிவிட்டார்கள்.

புரை என்பது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை மங்கிப்போவது. அந்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பிவிடுகிறது. பூ விழுந்துவிட்டது என்று எங்கள் பாட்டிமார் சொன்னதோ, பெரும்பாலும் கண்ணின் முகப்பில் கண்ணாடிபோல் இருக்கும் பகுதி புண்பட்டு ஆறியபின் நிற்கும் வெள்ளைத் தழும்பை. இந்நாட்டின் நடுவில் உள்ள வறண்ட நிலப்பகுதியில் டிரக்கோமா என்ற தொற்று பல தலைமுறைகளாக இருந்தது. அது இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கி, இமைமயிரை உள்நோக்கித் திருப்பி, அந்த மயிர் நாளெல்லாம் விழியில் உராய்ந்து பூ விழச் செய்தது. 1964இல் தொடங்கிய தடுப்புப் பணியின் பலனாக, அது இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை அன்று என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆயினும் அப்பகுதியிலிருந்து வந்த முதியவர்களிடம் இன்றும் அந்தப் பூ இருக்கிறது. வில்லையை மாற்றினால் அது போகாது. படலம் என்ற சொல்லோ, பள்ளிப் பாடநூலில் விழிவெண்படலம் எனக் கண்ணின் ஓர் உறுப்புக்கே பெயராகிவிட்டது. ஆகவே இம்மூன்று சொற்களையும் ஒன்றுக்கொன்று பதிலாக எழுதுவது, அழகுக்காகச் செய்யப்பட்டிருந்தாலும், நோயாளிக்குத் தீங்காகவே முடியும்.

எங்களைப் போன்ற பர்மாத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறோம். மருத்துவமனையில் சயாவுன், அதாவது மருத்துவர், சொல்வது பர்மியச் சொல். பர்மிய மொழியில் கண்புரைக்கு ‘அத்வின் தெய்ன்’ என்று பெயர். கண் அழுத்த நோய்க்கு ‘யே தெய்ன்’ என்று பெயர். தெய்ன் என்றால் மேகம். முன்னது உள்மேகம், பின்னது நீர்மேகம். இரண்டிலும் மேகம் இருப்பதால் இரண்டையும் ஒரே நோயின் இரு வகைகளாகக் கருதுவது எங்களிடையே மிகச் சாதாரணம்.

இதனால் என் பெரியப்பா பார்வையை இழந்தார். அவருக்கு யே தெய்ன் என்று சொல்லி, தினமும் இரவில் விடச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவுக்கு அத்வின் தெய்ன் அறுவை நன்றாக முடிந்திருந்தது. “உங்க பெரியம்மாவுக்கு வந்ததுதானேம்மா, நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்” என்று சொல்லி, ஒரு புட்டி தீர்ந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். வலி இல்லை, சிவப்பு இல்லை. எதிரே இருப்பவர் முகமும் தெரிந்தது. ஓரப்பார்வைதான் முதலில் போயிற்று. நிலைக்கதவில் தோள் இடிப்பதையும், பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடுவதையும் வயதின் தளர்ச்சி என்றே எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட. கண்ணின் உள்நீர் வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசிந்துபோனால், நசிந்தது மீளாது. மருந்தும் அறுவையும் மிஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பதற்கு மட்டுமே. புரையைப் போல அதற்கு ‘முற்றும்’ காலம் என்று ஒன்று இல்லை. மருத்துவர் மீது எனக்குக் குறை இல்லை, அவர் சரியான பெயரைத்தான் சொன்னார். அந்தப் பெயருக்கு எங்கள் வீட்டில் சரியான தமிழ் இல்லாமல் போயிற்று.

கண் அழுத்த நோய் என்ற தமிழ்ப் பெயரும் தனியே நின்றால் போதவில்லை. “எனக்குப் பிரஷர் மாத்திரை ஏற்கெனவே போகுது” என்று பதில் சொல்பவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ரத்த அழுத்தம் வேறு, கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் வேறு. கண்ணுக்குள் அது ஏறக்குறைய 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு. முதல் முறை எழுதும்போது ‘கண்நீர் அழுத்த நோய்’ என்று ஒரு சொல் கூட்டி எழுதினால்கூடப் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம்.

கிட்டப்பார்வை என்ற பாடநூல் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டே உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது தெரியாது என்பது அதன் பொருள். ஆனால் கேட்பவர் காதில் கிட்டப்பார்வையில் குறை என்றுதான் விழுகிறது. என் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தபோது, அவன் தாய் அதைப் படிக்கும் நேரத்துக்கு மட்டும் உரியதென்று நினைத்து, பள்ளிக்குக் கொடுத்தனுப்பாமல் வீட்டில் பூட்டி வைத்திருந்தார். இலங்கைத் தமிழர் வழங்கும் குறும்பார்வை என்ற சொல் இதைவிட நேரானது. நாற்பதை நெருங்கும்போது வரும் எழுத்து மங்கலுக்கு வெள்ளெழுத்து என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. சாளேசுரம் என்ற பழைய பெயரையும் எங்கள் முதியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மாலைக்கண்ணுக்கு விளக்கமே தேவையில்லை. இப்படிப்பட்ட சொற்கள் கையில் இருக்க, கட்டுரையாளர்கள் அகராதியிலிருந்து புதிதாக ஒன்றை உருட்டி எடுப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

காது நோய்களில் நிலைமை வேறு விதம். அங்கே சொற்கள் மிகுந்து குழப்பவில்லை. ‘காது அடைப்பு’ என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. குறும்பி சேர்ந்தாலும் காது அடைப்பு, சளிப் பிடித்தாலும் காது அடைப்பு, குழந்தையின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினாலும் காது அடைப்பு. ஒருநாள் காலையில் எழுந்தவுடன் ஒரு காது மட்டும் கேளாமல் போனால், அது செவி நரம்பைச் சார்ந்த குறையாக இருக்கக்கூடும். அதற்கு ஓரிரு நாளில் மருத்துவரிடம் போக வேண்டும், வாரக்கணக்கில் தள்ளினால் மருந்து பலன் தரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அதையும் காது அடைப்பு என்று சொல்லி, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக் காத்திருப்பவர்கள் எங்களிடம் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதில் எண்ணெய் ஊற்றவே கூடாது. காதில் சீழ் வடிவதை இங்கே ‘நா பியி யோ’ என்பார்கள். காது மந்தத்தை ‘நா லே’, அதாவது கனத்த காது, என்பார்கள். செவிடு என்று முகத்துக்கு நேரே சொல்லும் நம் வழக்கத்தைவிட இது மென்மையானது என்று எனக்குத் தோன்றும்.

மருத்துவத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாது என்று யாரும் கூற இயலாது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. ஒரு கட்டுரையில் ஒரு நோய்க்கு ஒரே பெயரை முதலிலிருந்து கடைசிவரை வழங்குங்கள். வேறு வழக்குப் பெயர்கள் இருந்தால் அவற்றைத் தொடக்கத்திலேயே ஒருமுறை சொல்லி, எது அந்நோயைக் குறிக்கும், எது குறிக்காது என்று எழுதிவிடுங்கள். அயல்நாட்டு வாசகர்களுக்காக அந்தந்த நாட்டு மருத்துவமனையில் காதில் விழும் சொல்லையும் தமிழ் எழுத்தில் சேர்க்க இயலுமானால், பர்மியச் சொற்களை ஓர் ஓய்வுபெற்ற செவிலியரிடம் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கண் நோய் பற்றிய கட்டுரைகளையாவது சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அவற்றை வாசிக்க வேண்டியவர்கள் பலர் இப்போது என்னைப் போன்ற ஒருவரை அருகில் உட்காரவைத்துத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
ரங்கூன்.