பெயர்கள் ஓடி முடியட்டும்

திரைப்பட விழாக் குழுவினருக்கு வணக்கம்.

நேற்றுக் காலை செனகல் படத்தின் முடிவில் நடந்த ரகளை உங்கள் காதுக்கு வந்திருக்கும். எழுந்து சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். கடைசிக் காட்சியில் கோரா ஒலித்தது. பாதிச் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி 21 நரம்பு கட்டிய வாத்தியம். ஒரு முதியவர் பாட, திரை இருண்டு, படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஏறத் தொடங்கின. நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ‘கோரா’ என்ற வரி தலைகாட்டியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பாட்டு பாதியில் அறுந்தது, திரையில் நகைக்கடை விளம்பரம். வாசித்தவர் யாரென்று விழா மலரில் தேடினால் இயக்குநர் பெயரும் படத்தின் நீளமும்தான் இருக்கின்றன.

தயவுசெய்து பெயர்களை முழுசாக ஓட விடுங்கள். ஆப்பிரிக்கப் படங்களையும் பாட்டுகளையும் பற்றி எழுதுகிறவனுக்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம். புர்க்கினா ஃபாசோவின் இத்ரிஸா உவெத்ராவோகோ எடுத்து, 1990இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ விருது வாங்கிய ‘திலாய்’ படத்துக்கு இசை, தென்னாப்பிரிக்கப் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம். பெயரைப் படிக்காதவருக்கு அது வெறும் ‘ஆப்பிரிக்க இசை’. உங்கள் மலரும் செனகல், எத்தியோப்பியா, அங்கோலா எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைத்து, மேலே ஓர் ஒட்டகச்சிவிங்கியை நிறுத்தியிருக்கிறது. நாடுகளின் பெயராவது போட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டும் போல.

தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டாவை நினைத்துப் பாருங்கள். 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ பாடிப் பதிவு செய்தார். உரிமையைச் சொற்பக் காசுக்கு விட்டுக்கொடுத்து, 1962இல் வறுமையில் செத்தார். அமெரிக்காவில் அதே மெட்டு அடுத்தவர் பெயரில் கொழித்தது, டிஸ்னியின் ‘லயன் கிங்’ படம்வரை வந்தது. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மலான் 2000இல் அந்தக் கணக்கைத் தோண்டி எழுதினார். அப்புறம் வழக்கு நடந்து, 2006இல் லிண்டாவின் வாரிசுகளுக்காக ஓர் உடன்பாடு வந்தது. மலானுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பெயராவது மிஞ்சியிருந்தது.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் புரவலர் பட்டியல் ஓர் எழுத்து குறையாமல் ஓடுகிறது. தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை அரங்கமே கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருந்தது. பொன்னாடைகளுக்குக் கிடைத்த நேரம் பாடகருக்குக் கிடைக்கவில்லை.

சரி, காசு திரட்டி விழா நடத்துகிற கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்பது செலவில்லாத காரியம். நாளை மாலை மூன்றாம் அரங்கில் அங்கோலா படம். பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போட வேண்டாம், ஒலியைக் குறைக்க வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அதனால் அடுத்த காட்சி பத்து நிமிடம் தள்ளிப்போனால் வாசலில் நிற்கிறவர்களிடம் நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

பணிவுடன்,
உங்கள் விழாவுக்கு வழக்கமாக வரும் விமர்சகன்