இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வெளிவரும் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியை நான் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்ளுதல்), 'ரன் அவுட் ஆஃப்' (தீர்ந்துபோதல்), 'லுக் ஃபார்வர்ட் டு' (ஆவலோடு எதிர்பார்த்தல்) முதலிய தொடர்கள் ஒரு கட்டத்துக்குள் வரிசையாகவும் எதிரே தமிழ்ப் பொருளோடும் அச்சாகியிருந்தன. கொடுத்திருந்த பொருளில் பிழை ஏதும் இல்லை. ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், இத்தொடர்களை மனப்பாடப் பட்டியலாக மட்டும் கொடுப்பதால் பிள்ளைகள் எதைத் தவறவிடுகிறார்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இத்தொடர்களில் வினைச்சொல்லை அடுத்து வரும் இரண்டு சிறு சொற்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முதலில் நிற்பது வினையடை. வகுப்பில் அட்வெர்ப் என்போம். அதை ஒட்டி நிற்பது முன்னிடைச்சொல், அதாவது பிரிபொசிஷன். 'ஹி கேம் அவுட் ஆஃப் தி ஹவுஸ்' என்னும் வாக்கியத்தில் 'அவுட்' வந்த திசையைச் சொல்கிறது. 'ஆஃப்' தனக்குப் பின்னால் வரும் வீட்டை அந்தத் திசையோடு சேர்த்துக் கட்டுகிறது. வீட்டைச் சொல்லத் தேவையில்லை என்றால் கட்டுவதற்கும் எதுவும் இல்லை. 'ஹி கேம் அவுட்' என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. 'ஷி வென்ட் பேக் டு மதுரை' என்பதில் மதுரையை எடுத்துவிட்டால் 'டு' கூடவே உதிர்ந்துவிடும், 'பேக்' மட்டும் நிற்கும். பெயர்ச்சொல்லை வைத்தும் எடுத்தும் பார்க்கும் இந்த ஒரு சோதனையைக் கைவரப் பெற்ற மாணவன் 'வென்ட் பேக் மதுரை' என்று எழுத மாட்டான். 'வென்ட் பேக் டு ஹோம்' என்பது ஏன் தவறு என்பதும் அவனுக்கு விளங்கிவிடும். அந்த இடத்தில் 'ஹோம்' தானே வினையடையாக நிற்பதால் அதைக் கட்டுவதற்கு இன்னொரு சொல் வேண்டியதில்லை.

மாணவர்கள் இந்த முன்னிடைச்சொல்லை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று நான் பல ஆண்டுகள் யோசித்ததுண்டு. கவனக்குறைவு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான், அவர்கள் காதில் அது விழுவதே இல்லை என்பது புரிந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோர் இந்த இணையில் வினையடையை அழுத்தியும் முன்னிடைச்சொல்லை மெலித்தும் சொல்கிறார்கள். 'அவுட் ஆஃப்' என்பது அவர்கள் வாயில் 'அவுட்டவ்' என்று ஒரே மூச்சில் வருகிறது. 'பேக் டு' என்பதில் 'டு' ஏறக்குறைய 'ட' அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்த அழுத்த வேறுபாடு மிகப் பழையது. ஒரு 'எஃப்' கொண்ட 'ஆஃப்', இரண்டு 'எஃப்' கொண்ட 'ஆஃப்' ஆகிய இரண்டும் ஒரே பழஞ்சொல்லின் இரு வடிவங்கள். அழுத்திச் சொல்லப்பட்ட வடிவம் இரண்டு 'எஃப்' பெற்று, விலகலைக் குறிக்கும் வினையடையாகப் பிரிந்தது. மெலிந்த வடிவம் ஒரு 'எஃப்' கொண்ட முன்னிடைச்சொல்லாகத் தங்கியது. நாமோ தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறோம், வகுப்பில் இரண்டையும் ஒரே கனத்தில் உச்சரிக்கவும் செய்கிறோம். பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

இந்த அமைப்பு தமிழ்ப் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிதன்று என்பதையும் பாடநூல்கள் சொல்வதில்லை. 'கூரையிலிருந்து கீழே' என்கிறோம்; ஆங்கிலத்தில் அது 'டவுன் ஃப்ரம் தி ரூஃப்'. கூரை, இருந்து, கீழே என்ற வரிசை அப்படியே திரும்பி நிற்கிறது, அவ்வளவே. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் நீங்கல் பொருளை அறிந்த மாணவனுக்கு 'ஃப்ரம்' என்பதை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு முக்கியமான வேறுபாட்டை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால் அது தவறிப்போக வழியில்லை. 'கூரை கீழே இறங்கினான்' என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ஆங்கிலத்தில் அது தனிச்சொல்லாக, அதுவும் மெலிந்த குரலில் நிற்பதால் எளிதாகத் தொலைந்துவிடுகிறது.

இன்னோர் இடர்ப்பாடு, தமிழில் வினைச்சொல்லே திசையைச் சுமந்துகொள்வது. பேருந்திலிருந்தும் இறங்குகிறோம், காரிலிருந்தும் இறங்குகிறோம், மரத்திலிருந்தும் இறங்குகிறோம். ஆங்கிலத்திலோ 'கெட்' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு, பேருந்துக்கு (இரண்டு 'எஃப்' கொண்ட) 'கெட் ஆஃப்' என்றும், காருக்கு 'கெட் அவுட் ஆஃப்' என்றும், மரத்துக்கு 'கெட் டவுன் ஃப்ரம்' என்றும் அடுத்துள்ள சொற்களை மாற்ற வேண்டியிருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் 'கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்' என்று சொல்வது இதனால்தான். நம்மிடையே அது புரியும். வெளிநாட்டவர் காதுக்குப் பேருந்தின் கூரையிலிருந்து இறங்குவதுபோல் கேட்கக்கூடும்.

சில மாதங்களுக்கு முன், வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஒரு மாணவி, நிறுவனத்துக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தாள். கடைசி வரி 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று இருந்தது. 'மீட்டிங்' என்று மாற்றச் சொன்னேன். "சார், 'டு' வந்தால் வினையின் முதல் வடிவம்தானே வரும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தது உண்மைதான், பாதிதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த வாக்கியத்தில் 'ஃபார்வர்ட்' வினையடை, 'டு' முன்னிடைச்சொல். ஆகவே அதை அடுத்துப் பெயரோ, பெயர்போல் நிற்கும் 'இங்' வடிவமோதான் வர வேண்டும். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தீபாவளி' என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். முடிந்தது. 'ஐ வான்ட் டு தீபாவளி' என்று சொல்ல முடிகிறதா என்றேன். அவள் சற்று நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, தானே 'மீட்' என்பதை அடித்து 'மீட்டிங்' என்று எழுதினாள்.

இவ்விணைகளைப் பிரித்துப் பார்க்கப் பழகாததால் தேவையற்ற சொற்களும் உள்ளே வந்துவிடுகின்றன. 'கேட்ச் அப் வித்', 'கீப் அப் வித்' என்று கேட்டுப் பழகியவர்கள் 'கோப் அப் வித்' என்றும் எழுதுகிறார்கள். சமாளித்தலைச் சொல்ல 'கோப் வித்' என்பதே போதுமானது, அங்கே 'அப்' செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்புதல் அடங்கியிருக்க, 'ரிட்டர்ன் பேக் டு' என்பது இரட்டிப்பு. எழுத்துக்கூட்டலிலும் இதே குழப்பம். 'இன்டு' காலப்போக்கில் ஒரே சொல்லாகிவிட்டது, 'அவுட் ஆஃப்' ஆகவில்லை. 'அப் டு' என்பதும் இரண்டு சொற்களே; ஆனால் தள்ளுபடிக் காலத்தில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஐம்பது சதவீதத்துக்கு முன்னால் அது ஒரே சொல்லாக ஒட்டித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இது சிறு பிழையாகத் தோன்றலாம். ஆனால் 'ஹி டர்ன்டு ஹிம்செல்ஃப் இன் டு தி போலீஸ்' என்றால் அவன் போலீஸில் சரணடைந்தான் என்று பொருள். 'இன்', 'டு' இரண்டையும் சேர்த்து எழுதினால் அவன் தன்னையே போலீஸாக மாற்றிக்கொண்டான் என்றாகிவிடும்.

வினையடையும் முன்னிடைச்சொல்லும் உண்மையில் வேறு வேறு வகைகளா என்று கேட்கும் இலக்கண அறிஞர்களும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஒட்டோ யெஸ்பர்சன், ஒரே வினைச்சொல் செயப்படுபொருளை ஏற்றும் ஏற்காமலும் வருவதுபோல 'இன்' போன்ற சொல்லும் பெயரை ஏற்றும் ஏற்காமலும் வருகிறது என்று 1924-இலேயே எழுதினார். அவர் கூறியதில் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்பது எது, எதிர்பாராமல் நிற்பது எது என்பதுதான் பள்ளி மாணவனுக்குத் தெரிய வேண்டியது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அடுத்து வெளிவரும் பகுதிகளில் ஒவ்வொரு தொடருக்கும் பெயர்ச்சொல்லோடு ஒரு வாக்கியமும் பெயர்ச்சொல் இன்றி ஒரு வாக்கியமும் தாருங்கள். 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்' என்பதற்குக் கீழே 'தி ரைஸ் ஹாஸ் ரன் அவுட்' என்று அச்சிட்டாலே போதும், அரிசி இடம் மாறியதும் 'ஆஃப்' மறைவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். 'புட் அப் வித்' போன்று, ஒரு சொல் போனால் பொருளே மாறிவிடும் சிலவற்றை மட்டும் முழுத் தொடராகவே கற்க வேண்டும் என்று குறிப்பிட்டுவிடலாம். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தில் தர இயலுமானால், ஆங்கிலம் பேசக் கேட்க வாய்ப்பில்லாத கிராமப்புற மாணவர்களுக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திண்டுக்கல்.