டுகுர்ஸ் துரதிர்ஷ்டசாலியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குளிர்கால விளையாட்டுக் கட்டுரையில், லாட்வியாவின் ஸ்கெலிட்டன் (சின்ன ஸ்லெட்டில், அதாவது சறுக்குப் பலகையில், ஐஸ் தடத்தில் இறங்கும் போட்டி) வீரர் மார்ட்டின்ஸ் டுகுர்ஸை 'ஒலிம்பிக் தங்கம் வாங்காத துரதிர்ஷ்டசாலி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்ததும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆறு முறை உலக சாம்பியன், உலகக் கோப்பைத் தொடரில் பதினோரு முறை ஒட்டுமொத்தப் பட்டம், அதிலும் 2010 முதல் 2017 வரை எட்டு வருடம் வேறு யாரையும் கிட்டவே விடாமல் தொடர்ச்சியாக! இவர் துரதிர்ஷ்டசாலி என்றால் இவரிடம் தோற்றவர்களை என்னவென்று சொல்வது?

உலகக் கோப்பை ஒரே ஊரில் இரண்டு நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. குளிர்காலம் முழுக்க நாடு நாடாகப் போய் இறங்க வேண்டும், ஒவ்வொரு தடத்திலும் வளைவு வேறு, ஐஸ் வேறு. குனிந்து ஒரு கையால் ஸ்லெட்டைப் பிடித்துக்கொண்டு, ஆணி வைத்த ஷூவோடு முப்பது மீட்டர் போல ஓடி, ஓடுகிற வேகத்திலேயே அதன்மேல் குப்புறப் பாய்ந்து படுக்க வேண்டும். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. தோளாலோ முழங்காலாலோ லேசாக அழுத்தித்தான் திருப்ப முடியும், அழுத்தம் கூடினால் நேரம் போச்சு. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில், தாடை ஐஸை உரசுகிற மாதிரி போகும்போது இதைச் செய்ய வேண்டும். டுகுர்ஸ் போகும் வீடியோக்களைப் பாருங்கள், வளைவுக்குள் ஆள் அசைவதே தெரியாது.

சரி, ஒலிம்பிக்குக்கே வருவோம். 2010இல் விஸ்லரில் மூன்று சுற்று முடியும்வரை முன்னால் இருந்தவர் இவர்தான், கடைசியில் கனடாவின் ஜான் மான்ட்கோமரியிடம் 0.07 வினாடியில் தங்கம் போனது. 2014 சோச்சியில் ரஷ்யாவின் ட்ரெத்யாகோவ் முதலிடம், இவர் மறுபடியும் வெள்ளி. இவருடைய அண்ணன் டோமாஸ் அதே போட்டியில் நான்காவது. 2017 நவம்பரில் ஊக்கமருந்து விவகாரத்தில் ட்ரெத்யாகோவைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அது நிலைத்திருந்தால் தம்பிக்குத் தங்கம், அண்ணனுக்கு வெண்கலம் என்று ஒரே வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால் 2018 பிப்ரவரி முதல் தேதி விளையாட்டு நடுவர் மன்றம் அந்தத் தகுதி நீக்கத்தை ரத்து செய்துவிட்டது. அடுத்த சில நாளில் பியோங்சாங் ஒலிம்பிக்! அங்கே தென்கொரியாவின் யுன் சங்-பின், அயர்ன்மேன் ஹெல்மெட்டோடு வந்து ஒன்றரை வினாடிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார் (இந்த விளையாட்டில் அது மலையளவு). டுகுர்ஸ் கடைசிச் சுற்றில் தடுமாறி நான்காம் இடத்துக்குப் போனார். அன்று யுன் நன்றாக ஓட்டினார், இவர் ஓட்டவில்லை, இதில் அதிர்ஷ்டத்தை ஏன் இழுக்க வேண்டும்? அப்போது இவருக்கு வயது 33. 'அவ்வளவுதான், முடிந்தது' என்றார்கள். 2019இல் மறுபடி உலக சாம்பியன், 2020, 2021, 2022 மூன்று வருடமும் உலகக் கோப்பைப் பட்டம்.

இவருடைய அப்பா டைனிஸ் முன்னாள் பாப்ஸ்லெட் (குழுவாக உட்கார்ந்து இறங்கும் ஸ்லெட் போட்டி) வீரர், லாட்வியாவின் சிகுல்டா தடத்தின் நிர்வாகியாகவும் இரண்டு மகன்களுக்கும் பயிற்சியாளராகவும் இருந்தவர். அதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. 2022இல் ஓய்வு பெற்றபின் டுகுர்ஸ் பிரிட்டன் அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார், 2023இல் அந்த அணியின் மேட் வெஸ்டன் உலக சாம்பியன் ஆனார்.

அப்புறம் இன்னொன்று. கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இருப்பவர் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறார். அது லூஜ் என்ற வேறு விளையாட்டு. ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்து, தலை முன்னால் போகும். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்