அழுமூஞ்சி கேப்டன்

பொன்மலை
13.7.2025, ஞாயிறு

சேகர்,

இங்கு எல்லோரும் நலம். உன் வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல். உபசாரம் முடிந்தது.

பிப்ரவரியிலிருந்து நீ என்னைப் பதினேழு முறை போனில் அழைத்திருக்கிறாய். எண்ணி வைத்திருக்கிறேன். சித்ரா எடுத்து, "அவர் வெளியூர் போயிருக்கிறார்" என்றாளே, அது பொய். நான் அடுத்த அறையில்தான் படுத்திருந்தேன். அவள்மேல் கோபப்படாதே, அப்படிச் சொல்லச் சொன்னவன் நான். இப்போதும் போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன் குரலைக் கேட்டால் கேலியில் இறங்கிவிடுவேன். சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நான் எழுதும் முதல் நீளமான கடிதம் இதுவாகத்தான் இருக்கும். அன்று எழுதியதும் உன் சார்பில் மேரிக்கு எழுதியதுதான். அதன் பலன் உனக்கே தெரியும்.

செவ்வாய் நள்ளிரவு ஆட்டத்தைப் பார்த்தாயா? கால்பந்து கிளப் உலகக் கோப்பை அரையிறுதி, லண்டனின் செல்சிக்கும் பிரேசிலின் ஃபுளுமினென்சேவுக்கும். நீ பார்த்திருக்க மாட்டாய். கோல் அடிப்பவனைத் தவிர வேறு யாரும் மைதானத்தில் இருப்பதே உன் கண்ணுக்குத் தெரியாது. பந்து போனதும் இடுப்பில் கை வைத்து நின்றவன்தானே நீ. பின்னால் நானும் நம் சிநேகிதன் கோழியும் மூன்று பேரைத் துரத்திக்கொண்டிருப்போம். பிரேசிலின் பழைய கேப்டன், நாற்பது வயது தியாகோ சில்வா, தான் நான்கு ஆண்டுகள் ஆடிய செல்சிக்கு எதிராக ஃபுளுமினென்சேவின் பின்களத்தில் நின்றான். 0-2 என்று தோற்றார்கள். இரண்டு கோலும் ஜோவாவ் பெட்ரோ அடித்தது. அவனும் ஃபுளுமினென்சே வளர்த்த பையன். அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் கையைத் தூக்கினான். தியாகோ யாரிடமும் கத்தவில்லை. பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு அனுப்பினான்.

அன்று தேதி என்ன தெரியுமா? ஜூலை 8. பதினோரு ஆண்டுகளுக்கு முன், 2014-இல், அதே தேதியில்தான் உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று உதை வாங்கியது. நமக்கு மணி ஒன்றரை. கோழி வீட்டு வராந்தாவில் ஏழு பேர். அரை மணி நேரத்துக்குள் ஐந்து கோல் விழுந்ததும் கோழியின் அம்மா, "தொலைக்காட்சி கெட்டுவிட்டதா, ஒரே கோலைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது" என்று கேட்டார்கள். அந்த ஆட்டத்தில் தியாகோ இல்லை. அதற்கு முன் கொலம்பியாவுடன் நடந்த காலிறுதியில் முதல் கோலை அவன்தான் அடித்தான். பிறகு, கையிலிருந்த பந்தை உதைக்கப் போன கோல்கீப்பர் ஒஸ்பினாவுக்குக் குறுக்கே போய் நின்று, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மஞ்சள் அட்டை வாங்கினான். தொடரில் அது அவனுக்கு இரண்டாவது. அரையிறுதிக்குத் தடை. ஓர் அணித்தலைவன் செய்யும் காரியமா அது? இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் நாம் சிரித்தது அதற்காக இல்லை. இரண்டாம் சுற்றில் சிலியோடு பெனால்டிக்குப் போனபோது அவன் பந்தின்மேல் தனியாக உட்கார்ந்து அழுதானே, அதற்காக. பெனால்டி அடிக்கும் வரிசையில் கோல்கீப்பருக்கும் பின்னால் கடைசியில் தன்னைப் போடச் சொன்னானாம். "அழுமூஞ்சி கேப்டன்" என்று நீ பெயர் வைத்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த ஆண்டு அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பி வந்தது.

சரி, சுற்றி வளைத்தது போதும். எனக்குக் காசநோய்.

பதறாதே. ஐந்து மாத மருந்து முடிந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம்தான். சளியில் கிருமி இல்லை என்று இரண்டாம் மாத முடிவிலேயே வந்துவிட்டது. எடை 66-இலிருந்து 57-க்கு இறங்கி, இப்போது 62-இல் நிற்கிறது. டிசம்பரில் இருமல் தொடங்கியபோது ஒரு தனியார் கிளினிக்கில் ஆறு வாரம் சிரப்பாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படமும் எடுக்கச் சொல்லவில்லை, சளியும் கேட்கவில்லை. சாயங்காலக் காய்ச்சலும் ராத்திரி வியர்வையும் என்னைப் பிழிந்தன. கடைசியில் சித்ரா என்னை அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். மறுநாளே தெரிந்துவிட்டது. முதல் இரண்டு மாதம் என் எடைக்குத் தினம் நான்கு மாத்திரை. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சுச் சாறு நிறத்தில் போனதும் ரத்தம் என்று நினைத்துக் கழிவறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்று அந்தச் செவிலியர் மூன்று முறை சொல்லியிருந்தாராம். எனக்கு ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை. "காசநோய்" என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது.

இந்த நோய் வந்த மூத்தவரின் தம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்திருந்த நம் தெருவில் வளர்ந்தவன் நான். உனக்கும் அந்தத் தம்ளர் நினைவிருக்கும்.

இங்கேதான் தியாகோ வருகிறான். மாத்திரை போட்டுப் படுத்தால் மூட்டுவலியில் தூக்கம் வராது. கைப்பேசியில் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் கதை கண்ணில் பட்டது. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. ரியோவில் பிறந்தவன். சிறுவனாக ஏறி இறங்கிய கிளப்களில் பல அவனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. பிரேசிலின் தெற்கே ஜுவென்டூடேவில் ஆடிப் பெயர் வாங்கி, 2004-இல் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்குப் போனான். அங்கே இரண்டாம் அணியில்தான் இடம். முதல் அணிக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அங்கிருந்து 2005-இல் மாஸ்கோ, டைனமோ கிளப்புக்கு. இருபது வயது, ரஷ்யக் குளிர், மொழி தெரியாது. காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆறு மாதம் மருத்துவமனையில் அடைத்துவைத்தார்கள். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாமா என்றுகூடப் பேச்சு நடந்ததாம். டைனமோ சட்டையில் ஓர் ஆட்டமும் ஆடாமல் ஊர் திரும்பினான். பந்தே வேண்டாம் என்று முடிவு செய்தவனை அவன் அம்மாதான் விடவில்லை.

சேகர், வேறு யாராவது சொல்லியிருந்தால் "நோயை வென்ற வீரன்" என்று மாலை போட்டுவிட்டுப் போயிருப்பேன். படுத்துக்கொண்டு படித்ததால் எனக்கு அந்த ஆறு மாதம் மட்டும்தான் தெரிந்தது. எனக்குப் பக்கத்து அறையில் சித்ரா இருந்தாள், ரசம் இருந்தது, வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் சத்துணவுக்கு அரசு போட்டது, அது முட்டையாக வந்தது. அவனுக்கு ஜன்னலும் பனியும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம், சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் அடைக்கத் தேவையில்லை என்று உலகுக்கு நிரூபித்தது நம் சென்னைதான். சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு, 1959-இல் வெளியானது. அது வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் மாஸ்கோவில் அவனை அடைத்தார்கள். இதை நம் தாம்பரம் மாமாவிடம் சொன்னால் மீசையை முறுக்கிக்கொள்வார்.

2006-இல் ஃபுளுமினென்சே அவனை எடுத்தது. ஜுவென்டூடேவிலும் டைனமோவிலும் அவனுக்குப் பயிற்சியாளராக இருந்த ஐவோ வோர்ட்மன் மறக்காமல் கூட்டிப்போனார். நமக்கு மூக்கையா அண்ணன் இருந்தாரே, அப்படி ஒருவர். 2007-இல் பிரேசில் கோப்பை. 2008-இல் தென் அமெரிக்கக் கிளப் கோப்பையான லிபர்ட்டடோரஸ் இறுதியில், மரக்கானாவில், கீட்டோ அணியிடம் பெனால்டியில் தோல்வி. 2009 ஜனவரியில் இத்தாலியின் மிலான் கிளப்பில் சேர்ந்தான். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான இடம் நிரம்பிவிட்டதால் அந்தக் கோடை வரை போட்டிகளில் ஆட முடியாது. மறுபடியும் காத்திருப்பு! ஆனால் இந்த முறை காத்திருந்தது மால்டினி, நெஸ்டா என்ற பெரிய பின்கள வீரர்கள் இருந்த பயிற்சி மைதானத்தில். அந்தக் காத்திருப்புக்கு நான் சம்பளம் வாங்காமலே போவேன்.

அவன் மிலானில் ஆடிய ஆட்டங்களைத் தேடிப் பார். 2011-இல் இத்தாலிய லீக் பட்டம். விழுந்து புரண்டு தடுப்பது அபூர்வம். பந்து போகப்போகும் இடத்தில் முன்பே நிற்பான், தபால்காரனுக்காக வாசலில் நிற்பவன் மாதிரி. "சட்டையில் மண் ஒட்டாமல் வந்தால்தான் நீ ஸ்டாப்பர்" என்று மூக்கையா அண்ணன் என்னைத் திட்டுவாரே, அதன் பொருள் எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் புரிந்தது. என் சட்டையை அம்மா கல்லில் அடித்துத் துவைத்தே கிழித்தாள்.

பிறகு பாரிஸ் கிளப்பில் எட்டு ஆண்டு. ஏழு லீக் பட்டம். அதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. அந்த லீக்கில் நீயும் நானும் ஆடியிருந்தாலும் இரண்டு பட்டம் வாங்கியிருப்போம். 2020-இல் ஐரோப்பியக் கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஜெர்மனியின் பாயர்னிடம் தோற்று, அதுவே பாரிஸ் சட்டையில் கடைசி ஆட்டமாக, முப்பத்தைந்து வயதில் வெளியே வந்தான். செல்சி எடுத்தது. "கிழவனை எதற்கு?" என்று நீயே கேட்டாய். மறு ஆண்டு, 2021 மே 29, சாம்பியன்ஸ் லீக் இறுதி. இஸ்தான்புல்லில் நடக்க வேண்டியது, கொரோனாவால் இடம் மாறியது. எங்கே? போர்ட்டோவில். அவனுக்கு ஓர் ஆட்டமும் கொடுக்காத அந்தக் கிளப்பின் மைதானத்திலேயே. கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்புவார். அதிலும் முதல் பாதி முடியுமுன் காயம்பட்டு வெளியேறினான். மீதியை வெளியிலிருந்து பார்த்தான். செல்சி 1-0. கோப்பையைத் தூக்கினான், அழுதான்.

நான் அந்தக் காட்சியை மார்ச் மாதத்தில் பார்த்தேன். அழுமூஞ்சி என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி நான் எழுதத் தொடங்கிய விஷயம். இதுவரை எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான்.

ஜனவரிக் கடைசியில் கோழி மகள் கல்யாணம். சத்திரத்து மாடியில் நீயும் நானும் ஒரே அறை. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினோம். இரண்டு ராத்திரி விடிய விடிய இருமினேன். "புகையை விட்டுத் தொலை" என்று நீ எழுந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாய். அப்போது எனக்கு மருந்து தொடங்கவில்லை. பிப்ரவரியில் அரசு மருத்துவமனைப் பணியாளர் வீட்டுக்கு வந்து சித்ராவையும் பையனையும் பரிசோதித்தார். இருவருக்கும் ஒன்றுமில்லை. "வேறு யாருடனாவது மூடிய அறையில் நெருங்கி இருந்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உன் பெயரைச் சொன்னால் உனக்குப் போன் வரும், உனக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கம். உனக்குச் சர்க்கரை இருப்பதும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நோய் எளிதில் பிடிக்கும் என்பதும் தெரிந்தே சொன்னேன். ஒவ்வொரு முறை உன் போன் அடித்தபோதும், உனக்கு இருமல் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்படியும் எடுக்கவில்லை.

நாளைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. நடந்ததைச் சொல், நெஞ்சு எக்ஸ்ரே எடு. இருமல் இருந்தால் சளியும் கொடு. எல்லாம் இலவசம். கமலாவையும் கூட்டிப்போ. திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

இன்று இரவு பன்னிரண்டரைக்கு இறுதி ஆட்டம். செல்சியும் பாரிஸும். இரண்டும் தியாகோவின் பழைய வீடுகள். அவன் ரியோவில் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பானோ. நான் பார்க்கப் போகிறேன், சித்ரா தூங்கிய பிறகு.

எக்ஸ்ரே முடிவு வந்ததும் கூப்பிடு. முதல் மணியிலேயே நான்தான் எடுப்பேன்.

உன்
அந்தோணி